கோடு அழகாயிட்டுது, கணக்கு?

1984இல் வில்லியம் லெஃபெவ்ர் எழுதிய ‘டொப்’ நிரலில் இருந்தது வெறும் எழுத்தும் இலக்கமும்தான். பிறகு க்நோம், கேடிஈ வந்து அதே கணக்கைக் கோடுகளாக வரைந்து காட்டின. 2021இல் கேடிஈயின் பழைய கேசிஸ்கார்டின் இடத்துக்குப் பிளாஸ்மா சிஸ்டம் மொனிட்டர் வந்தது. முகம் மாறினாலும், ராம் கணக்கைக் கொடுப்பது லினக்ஸ் கேர்னல்தான்.

லினக்ஸ் சும்மா கிடக்கிற ராமில் வாசித்த கோப்புகளை வைத்திருக்கும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். இது தெரியாமல் ‘ஃப்ரீ’ இலக்கத்தை மட்டும் பார்த்து, ராம் முடிஞ்சுது எண்டு பயந்தவை கனபேர். 2014இல் கேர்னல் 3.14 ஒரு வரியைச் சேர்த்தது: ‘மெம்அவெய்லபிள்’. புதிய நிரல்களுக்கு உண்மையில் எவ்வளவு ராம் கிடைக்கும் என்ற மதிப்பீடு அது.

கோடு மாறினதை எல்லாரும் கண்டம். அந்த வரியை ஆர் கண்டது? பழைய லப்டொப்பைத் தூக்கி எறிய முதல், அதை ஒருக்காப் பாருங்கோ.