கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு?



மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனின் நினைவாக ஆத்தூரில் கூடியிருக்கிறோம். 1996இல் நமக்கென ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு, மிரட்டல்களுக்கு நடுவே நின்று வென்றவர் அவர். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதைத் தவிர அவர்மேல் வேறு குற்றம் இல்லை. அந்தச் சொல்லை வைத்தே இன்று பேச வந்திருக்கிறோம். ஊழலை ஒழிக்கிறோம் என்று சொல்லி, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை மேலிருந்து கலைக்கலாமா?

இந்தக் கேள்விக்கும் திண்டுக்கல் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1972 அக்டோபரில் கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டதற்காக எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதமே ஆட்சியின் மீதான ஊழல் புகார்ப் பட்டியலைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரியிடம் கொடுத்தார். டெல்லியில் எதுவும் நகரவில்லை, இங்கே நகர்ந்தது. 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் புதுக்கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்றார். காமராசரின் காங்கிரஸ் இரண்டாம் இடம். 1971 சட்டமன்றத் தேர்தலில் 184 இடங்களைப் பிடித்து ஆட்சியில் இருந்த திமுக மூன்றாம் இடம். அதனால் சேரியில் எதுவும் மாறியது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குக் கேட்டவர்கள் வாக்குச்சீட்டால் கேட்டார்கள். பதிலும் வந்தது.

1976 ஜனவரி 31 அன்று நடந்தது வேறு. நாட்டில் நெருக்கடி நிலை. ஆளுநர் கே.கே.ஷாவின் அறிக்கையின் பேரில், 356ஆம் பிரிவின் கீழ் கருணாநிதி அமைச்சரவை நீக்கப்பட்டது. சொன்ன காரணங்களில் முதன்மையானது ஊழல். சில நாட்களில் நீதிபதி சர்க்காரியா தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. வீராணம் குடிநீர்த் திட்டம், விமானத்தில் பூச்சிமருந்து தெளித்தது என்று ஆணையம் விசாரித்தவை எல்லாம் கற்பனைப் புகார்கள் என்று நாம் வாதாடப் போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது தேதியை. 1971 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் அது. இன்னும் சில வாரங்களில் அதன் ஐந்தாண்டு முடிந்திருக்கும். திண்டுக்கல் ஏற்கெனவே தீர்ப்புச் சொன்னதைப் போல மாநிலம் முழுவதும் சொல்லியிருக்கும். அந்த வாய்ப்பைத்தான் பறித்தார்கள். தேர்தல் 1977 ஜூனில்தான் நடந்தது. அதுவரை ஆளுநரும் ஆலோசகர்களும் ஆண்டார்கள். மிசாவில் பிடிபட்டவர்களைச் சென்னை மத்திய சிறையில் அடித்தார்கள்; சிட்டிபாபு உயிரிழந்தார்.

ஊழல் வழக்குகளோ, 1980இல் திமுகவும் இந்திரா காங்கிரசும் கூட்டணி சேர்ந்த காலத்தில் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில், கணக்குக் கேட்டு வந்த எம்.ஜி.ஆரின் ஆட்சியும் அதே 356ஆல் கலைக்கப்பட்டது. அந்தப் பிரிவு பயன்படாத எழுத்தாகவே கிடக்கும் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்திருந்தார்!

பாகிஸ்தானில் 1999இல் முஷாரப், தாய்லாந்தில் 2006இல் தளபதிகள், எல்லோரும் ஊழலைச் சொல்லித்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். நம் ஊரில் பீரங்கி தேவைப்படவில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.

இதைச் சொல்லும்போது நம் பெரியவர்களே குறுக்கே பேசுவார்கள். நெருக்கடி காலத்தில்தான் அதிகாரி நேரத்துக்கு வந்தான், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, தீண்டாமைச் சட்டம் கடுமையானது என்பார்கள். உண்மை. 1976இன் சட்டங்கள்தாம் அவை. உதவித்தொகையில், தொகுப்பு வீட்டில், தாட்கோ கடனில் கமிஷன் கொடுத்தே பழகிய நமக்கு, அஞ்சி நடக்கும் அதிகாரியைப் பிடித்துப்போவது இயல்பு. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில்தான், சட்டவிரோதமாகச் சிறை வைத்தாலும் நீதிமன்றம் போக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கையில் இருந்தது. அதை மீறியவன் அரசாக இருந்தால் முறையிட இடமில்லை. கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் உள்ளதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

கலைக்கப்பட்டவர்கள் மட்டும் தூய சனநாயகவாதிகளா என்றால் அதுவும் இல்லை. 1973 இறுதியில் மஸ்டர் ரோல் ஊழலைக் காட்டிச் சென்னை மாநகராட்சியைக் கலைத்தது திமுக அரசுதான். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு. வேலையில் இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எடுத்தார்கள் என்பது புகார். களவு போனது கூலிக்காரன் பெயர். தண்டனை தவறு செய்தவர்களோடு நிற்கவில்லை: 1996 வரை அந்த மாநகரத்துக்குத் தேர்தலே இல்லை. சுமார் இருபத்து மூன்று ஆண்டுகள் தனி அதிகாரி ஆட்சி. அவ்வளவு காலமும் ஊழல் ஓய்ந்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு மாமன்றம் இல்லையே!

மேலே நடந்த இந்த வித்தை ஊராட்சியில் நம்மீது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி தலைவரை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்குபவர் மாவட்ட ஆட்சியர். வாக்களித்த மக்களுக்கு அதில் வேலையில்லை. காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். நம் தலைவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். துணைத்தலைவர் ஊர்த்தெருக்காரர். கையெழுத்து மறுப்பார், வேலை நிற்கும், பிறகு வேலை நடக்கவில்லை, நிதி முறைகேடு என்று புகார் போகும். முருகேசனுக்கு அரிவாள் என்றால் மற்றவர்களுக்குப் புகார் மனு. உண்மையிலேயே கையாடல் செய்யும் தலித் தலைவரும் உண்டு. அவரைக் காப்பாற்றுவது நம் வேலையல்ல. அவரிடம் கணக்குக் கேட்க வேண்டியது கிராமசபை, பதவியைப் பறிக்க வேண்டியது வாக்கு, தண்டிக்க வேண்டியது நீதிமன்றம். இந்த மூன்றையும் தாண்டி வருகிற எந்த யோக்கியனையும் நாம் நம்பக்கூடாது.

2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை ஊராட்சிகளுக்குத் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2025 ஜனவரியில் திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்களில் மறுபடியும் அவர்களே வந்தார்கள். அந்த ஆண்டு இந்த வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் கூடிய கிராமசபைக்கு நாமும் போயிருந்தோம். சேரிக்குத் தெருவிளக்குப் போட்ட செலவைக் கேட்டு ஓர் அக்கா எழுந்தார். தனி அலுவலர் வரவில்லை. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் அவர் ஒருவரே. வாசித்துக்கொண்டிருந்த செயலர் பதிவேட்டை மூடிவிட்டு, "மேலே கேட்டுச் சொல்றோம்மா" என்றார். அக்கா உட்காரவில்லை. "போன தடவை தலைவர்கிட்ட கேட்டப்ப சண்டை போட்டாரு. ஆனா பதில் சொன்னாரு" என்றார்.