பலாப்பழமும் பி ஃபாரமும்

2024 ஏப்ரல் 19. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஐந்தாவது நாள். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, கடலுக்குப் போக முடியாத ஊர் ஓட்டுச்சாவடிக்குப் போனது. இயந்திரத்தில் ஏணி இருந்தது, இரட்டை இலை இருந்தது, பலாப்பழமும் இருந்தது. உதயசூரியன் இல்லை.

ஊருக்கு இது பழகிப்போன சங்கதிதான். ஜெகதாப்பட்டினம் இருப்பது அறந்தாங்கி சட்டமன்றத் தொகுதியில்; 2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி காணாமல் போனபின், ராமநாதபுரத்தில். 2016, 2021 தேர்தல்களில் அறந்தாங்கியைக் காங்கிரஸுக்கு விட்டது தி.மு.க. 2019-லும் 2024-லும் ராமநாதபுரத்தை முஸ்லிம் லீக்குக்கு விட்டது. உள்ளூர்க் கிளைச் செயலாளர் ஒருமுறை கைக்கும் மறுமுறை ஏணிக்கும் ஓட்டுக் கேட்டாக வேண்டும். அவரைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

கிளை, ஒன்றியம், மாவட்டம், பொதுக்குழு என்று படிப்படியாக ஏறுகிற கட்டமைப்பு நம் கழகங்களுக்கு உண்டு. சீட்டு மட்டும் மேலிருந்து இறங்கும். விருப்ப மனு வாங்குவார்கள், பணம் கட்டச் சொல்வார்கள், நேர்காணலும் நடக்கும். கடைசியில் எல்லாம் ஒரு தாளில் வந்து நிற்கும். அதுதான் பி ஃபாரம். இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் கடிதம். யாருடைய கையெழுத்து செல்லும் என்பதை ஏ ஃபாரம் சொல்லும். கையெழுத்தை மையால்தான் போட வேண்டும், ரப்பர் ஸ்டாம்பு செல்லாது. மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அந்தத் தாள் வந்து சேராவிட்டால் சின்னம் கிடையாது.

அமெரிக்காவில் இப்படிக் கையெழுத்துப் போட ஆளே இல்லை. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனித் தேர்தல்; அதற்கு முதல்நிலைத் தேர்தல் என்று பெயர். குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் தேசியக் குழுக்கள் உண்டு; பிடிக்காதவர் ஜெயித்து வந்தாலும் அவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968-ல் ஒரு மாநில முதல்நிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரியை சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சிப் பெரியவர்கள் அதிபர் வேட்பாளராக்கினார்கள். வெளியே தெருவில் போலீஸ் தடியடி. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1972-க்குள் விதிகள் மாறின.

இந்தியாவிலும் ஒருமுறை இதை முயன்று பார்த்தார்கள். 2014-ல் ராகுல் காந்தியின் யோசனைப்படி சில தொகுதிகளில் காங்கிரஸ்காரர்களே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வதோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். அங்கே மோடி நிற்கிறார் என்றதும் ராவத் விலகிக்கொள்ள, கட்சி மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தியது.

பலாப்பழத்துக்கு வருவோம். அது ஓ.பன்னீர்செல்வத்தின் சின்னம். 2019-லும் 2021-லும் அ.தி.மு.க. வேட்பாளர் யாராக இருந்தாலும் அவர் படிவத்தில் ஒருங்கிணைப்பாளர் பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளர் பழனிசாமியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். 2022 ஜூலையில் பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் யார் கையெழுத்து செல்லும் என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுக்குழுவே வேட்பாளரை முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்பி ஒப்புதல் வாங்கினார். வேட்பாளராக முன்னிறுத்தப்பட்ட தென்னரசுக்கு ஆதரவாக வந்தவை 2,501. எதிர்ப்பே இல்லாத தேர்தல்தான். ஆனாலும் ஒரு திராவிடக் கட்சி வேட்பாளருக்காகத் தன் ஆட்களிடம் கணக்கெடுத்தது அரிய காட்சி.

அடுத்த ஆண்டு, எத்தனையோ பேருக்குச் சின்னம் எழுதிக்கொடுத்த அதே மனிதர், தனக்கு எழுதித்தர ஆளின்றி ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார். அவர் பெயரிலேயே வேறு பன்னீர்செல்வங்களும் மனுப் போட்டிருந்தார்கள். பா.ஜ.க. கூட்டணி துணைக்கு இருந்தது. ஏணி ஜெயித்தது, மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளோடு பலாப்பழம் இரண்டாவது. முறைப்படி பி ஃபாரம் வாங்கிவந்த இரட்டை இலை மூன்றாவதாக வந்து டெபாசிட்டையும் பறிகொடுத்தது.