அட்லாண்டிக்கின் சிறு காவற்கப்பல்கள்: கார்வெட்டுகளும் அவற்றின் மாலுமிகளும், 1940–1943

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் தன் உணவின் பெரும்பகுதியையும் எரியெண்ணெயின் ஏறத்தாழ முழுமையையும் கடல்வழியாகவே பெற்றுவந்தது. ஆகையால் அந்நாட்டை வீழ்த்த விரும்பிய எதிரிக்குப் படையிறக்கத்தைக் காட்டிலும் வாணிகக் கப்பல்களை மூழ்கடிப்பதே எளிய வழியாக இருந்தது. கப்பல்களைத் தனித்தனியே விடாமல் கூட்டமாகத் திரட்டி, போர்க்கப்பல்களின் துணையோடு அனுப்பும் ‘கான்வாய்’ முறை முதல் உலகப் போரிலேயே பயன் தந்திருந்தது. ஆனால் துணைக்குச் செல்லப் போதிய கப்பல்கள் இல்லை. நாசகாரிக் கப்பல்களைக் கட்டப் பணமும் காலமும் மிகுதியாக வேண்டும்; அவற்றுக்குத் தேவையான டர்பைன் எந்திரங்களைச் செய்யக்கூடிய தொழிற்சாலைகளோ சிலவே.

இந்நெருக்கடியில்தான் மிடில்ஸ்பரோ நகருக்கருகே இயங்கிய ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வில்லியம் ரீட், தாம் முன்பு ‘சதர்ன் பிரைட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலுக்கு வகுத்த அமைப்பையே சற்றுப் பெரிதாக்கிக் கடற்படைக்கு வழங்கினார். 205 அடி நீளம், ஏறத்தாழ 950 டன் எடை, ஒரே சுழல்விசிறி, மணிக்கு 16 கடல் மைல் வேகம் என்ற அளவில் அமைந்த அக்கப்பலை, போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறு துறைகளும் கட்ட முடிந்தது. மலர்களின் பெயர் சூட்டப்பட்டதால் ‘ஃபிளவர்’ வகை என்று வழங்கப்பட்ட இக்கார்வெட்டுகளில் முதலாவதான ‘கிளாடியோலஸ்’ 1940 ஏப்ரலில் பணியேற்றது. போர் முடிவதற்குள் பிரிட்டனிலும் கனடாவிலுமாக 250க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ராயல் இந்தியக் கடற்படையிலும் ‘அஸ்ஸாம்’, ‘கோண்ட்வானா’ முதலிய பெயர்களில் சில பணியாற்றின.

இவை கரையோரக் காவலுக்கென்றே எண்ணப்பட்டவை என்பதை மறந்துவிட்டால் பின்னர் நேர்ந்த எதுவும் விளங்காது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும், லோரியான், பிரெஸ்ட் போன்ற துறைமுகங்கள் ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் கைக்கு வந்து, போர்க்களம் நடுக்கடலுக்கு நகர்ந்தது. பெருங்கடலைக் கடக்கப் போதிய எரிபொருள் கொள்ளக்கூடியவையும், விரைவில் கிடைக்கக்கூடியவையும் கார்வெட்டுகளாகவே இருந்தமையால், கரைக்கென வகுத்த கப்பல் உலகின் மிகக் கொந்தளிப்பான கடலொன்றுக்கு அனுப்பப்பட்டது. எந்தப் புயலிலும் அது மூழ்காது. திமிங்கில வேட்டைக் கப்பலின் குருதி அதில் ஓடியது. ஆனால் ஒவ்வோர் அலையின் மேலும் ஏறி இறங்கிய அதன் குட்டை உடல், பனி படர்ந்த புல்தரையில் நிறுத்தினாலும் உருளும் என்று மாலுமிகள் சொல்லும் அளவுக்குப் புரண்டது. வடிவமைப்பின் சிக்கனத்துக்கான விலையை மனித உடல்கள் செலுத்தின.

அந்த விலை எத்தகையது என்பதைக் கப்பலின் உள்ளமைப்பே காட்டுகிறது. மாலுமிகள் தங்கிய அறை, கப்பலின் முன்முனையாகிய அணியத்தில், அலையின் மோதல் முதலில் வந்து விழும் இடத்தில் இருந்தது. சமையலறையோ புகைபோக்கிக்குப் பின்னால் இருந்தது. தொடக்ககாலக் கப்பல்களில் இவ்விரண்டுக்கும் இடையே கூரையற்ற தாழ்தளம் ஒன்று கிடந்ததால், உணவைச் சுமந்துவரும் மாலுமி அலை வாரியடிக்கும் அத்தளத்தைக் கடந்தாக வேண்டும். உணவு ஆறிப்போயோ உப்புநீர் கலந்தோ வந்து சேர்ந்தது, சில வேளை வந்து சேராமலும் போயிற்று. புதிய ரொட்டி சில நாட்களே தாங்கும். அதன்பின் கெட்டி பிஸ்கட்டும் டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியுமே உணவு. ஐம்பது பேரளவுக்கு எண்ணப்பட்ட இடத்தில், புதிய கருவிகள் சேரச்சேர அவற்றை இயக்கும் ஆட்களும் கூடி, எண்பதுக்கு மேற்பட்டோர் நெருங்கினர். படுக்கையாகிய கான்வாஸ் தூளிகளைக் கட்டக்கூட எல்லாருக்கும் கொக்கி கிடைப்பதில்லை. மூச்சின் ஈரம் இரும்புச் சுவர்களில் வழிந்து, நனைந்த உடை பயணம் முடியும்வரை உலராமலே கிடந்தது. சிறு கப்பல்களில் பணிபுரிவோருக்குக் கடற்படை ‘கடின வாழ்வுப் படி’ என்ற சிறு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வழங்கியதிலிருந்தே, இத்துன்பம் அதிகாரபூர்வமாக அறியப்பட்டிருந்தது என்பது தெரிகிறது.

பெரும்பாலான கப்பல்களில் மாலுமிகள் நான்கு மணி நேரம் பணி, நான்கு மணி நேரம் ஓய்வு என்று இரு முறையாகப் பிரிக்கப்பட்டனர். அந்த ஓய்விலும் அபாய மணி ஒலித்தால் எழுந்தோட வேண்டும். இவர்களில் மிகப் பலர் தொழில்முறைக் கடற்படையினர் அல்லர். எழுத்தர்களாகவும் கடைப் பணியாளர்களாகவும் விவசாயிகளாகவும் இருந்து, கடலையே முதன்முறையாகப் பார்த்தவர்கள். 1939இல் நிரந்தரப் பணியாளர் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கனடியக் கடற்படை, போரின் உச்சத்தில் ஒரு லட்சத்தை நெருங்கியது என்பது இப்பெருக்கத்தின் வேகத்தைக் காட்டும்.

பொதுவாகப் போர் வரலாறுகள் இவ்வாழ்க்கையைப் பின்னணி வண்ணமாக ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போர்முறைக்குச் சென்றுவிடுகின்றன. அது தவறு. 1940–41இல் மாலுமியின் களைப்பே போர்முறையின் மையச் சிக்கலாக இருந்தது. கார்வெட்டின் முதன்மைக் கருவியான ‘ஆஸ்டிக்’, நீருக்குள் ஒலியலையை அனுப்பி, தடையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறிவது. ஆனால் ஜெர்மானியர் இரவில் நீர்மட்டத்தின் மேலேயே வந்து தாக்கினர். அந்நிலையில் நீர்மூழ்கியின் தாழ்ந்த உருவம் ஆஸ்டிக்கில் பெரும்பாலும் சிக்குவதில்லை, அதன் வேகமும் கார்வெட்டின் வேகத்தை மிஞ்சியது. எஞ்சிய ஒரே கருவி மனிதக் கண். அதுவும் திறந்த மேடையில் உப்புச்சாரலில் நின்று, நாட்கணக்கில் தூங்காத கண். 1940 அக்டோபரில் கனடாவின் சிட்னி துறையிலிருந்து புறப்பட்ட எஸ்.சி. 7 என்ற கப்பலணியில் 35 கப்பல்களில் 20 மூழ்கடிக்கப்பட்டன. ஓட்டோ கிரெட்ஷ்மர் போன்ற தளபதிகள் தம் நீர்மூழ்கிகளோடு அணியின் வரிசைகளுக்குள்ளேயே நுழைந்து தாக்கினர். காவலுக்கு வந்திருந்த ‘புளூபெல்’ என்ற கார்வெட்டோ, எதிரியைத் தேடுவதா, எண்ணெய் படர்ந்த நீரில் மிதப்போரைத் தூக்குவதா என்ற இக்கட்டில், மீட்பிலேயே பெரும்பொழுதைக் கழித்து, ஏறத்தாழ இருநூறு பேரைத் தன் குறுகிய தளத்தில் ஏற்றிக்கொண்டு கரை சேர்ந்தது.

நிலைமை மாறியது ஒரே கண்டுபிடிப்பால் அன்று. 1941 மார்ச்சில் ‘ஆர்க்கிஸ்’ என்ற கார்வெட்டில் பொருத்திச் சோதிக்கப்பட்ட 271 வகை ராடார், பத்து சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கி, இருட்டிலும் நீர்மட்டத்து நீர்மூழ்கியைக் காட்டியது. கண்ணின் சுமையைக் குறைத்தமையே அதன் பெரும்பயன். மீட்புக்கெனத் தனிக் கப்பல்கள் 1941 முதல் அணிகளின் பின்வரிசையில் சென்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காத்தபோது, காவற்கப்பல் தன் காவலை விட்டு விலக வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. ஸ்காட்லாந்தின் டோபர்மோரியில், அறுபது வயது கடந்த கில்பர்ட் ஸ்டீபன்சன் புதிய கப்பல்களை ஓரிரு வாரங்கள் இரவுபகலாக வாட்டிப் பயிற்றினார். லிவர்பூலில், காசநோயால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் 1942 ஜனவரியில் தொடங்கிய உத்திப் பிரிவில், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் தரையில் வரைந்த கடலில் போர்களை மீண்டும் நடத்திப் பார்த்தனர். நீர்மூழ்கி அணியின் பின்புறமாக நுழைந்து, தாக்கியபின் அமிழ்ந்து பின்வழியே தப்புகிறது என்று அங்கு கண்டறியப்பட்டதும், காவற்கப்பல்கள் உடனே பின்புறம் திரும்பித் தேடும் உத்தி வகுக்கப்பட்டது. அதற்கு ‘ராஸ்பெரி’ என்று பெயரிட்டவர் அப்பிரிவின் ஜீன் லெய்ட்லா.

இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது, அதிகம் பேசப்படாத ஒரு தச்சுமாற்றம். அணியத்தின் மேல்தளத்தைப் பின்னோக்கி நீட்டித் தாழ்தளத்தை மூடியதால், தங்குமிடம் விரிந்தது. உணவு நனையாமல் வந்தது. சூடான உணவும் சற்றே உலர்ந்த உறக்கமும் பெற்றவன் இருட்டில் கூர்ந்து பார்ப்பான் என்பதைக் கப்பற்கட்டுமானத் துறை காலம் தாழ்த்தியே ஏற்றது.

1943 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் மேற்கு நோக்கிச் சென்ற ஓ.என்.எஸ். 5 அணியைக் கடும்புயலுக்கிடையே நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் வளைத்தன. காவலுக்குத் தலைமை தாங்கிய பீட்டர் கிரெட்டனின் ‘டங்கன்’ எரிபொருள் தீர்ந்து விலக நேர்ந்ததால், வாணிகக் கப்பல்துறையிலிருந்து வந்த ராபர்ட் ஷெர்வுட் பொறுப்பேற்றார். ‘சன்ஃபிளவர்’, ‘ஸ்னோஃபிளேக்’, ‘லூஸ்ஸ்ட்ரைஃப்’, ‘பிங்க்’ என்னும் கார்வெட்டுகள் அவரோடு நின்றன. பதின்மூன்று வாணிகக் கப்பல்கள் மூழ்கின. ஆறு நீர்மூழ்கிகளும் அழிந்தன. மூடுபனி படர்ந்த கடைசி இரவில் ராடார் பெற்ற கப்பல்கள் பார்வையுடையவையாகவும், நீர்மூழ்கிகள் குருடாகவும் இருந்தன. அம்மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்த ஜெர்மானிய அட்மிரல் டோனிட்ஸ், மே 24 அன்று வட அட்லாண்டிக்கிலிருந்து தம் படையைப் பின்வாங்கச் செய்தார்.

அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஃபிளவர் வகைக் கப்பல்களை விழுங்கப்போகும் போரின் கணக்கில் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது. முதற்கப்பலான ‘கிளாடியோலஸ்’ 1941 அக்டோபரிலேயே ஒருவர்கூட மிஞ்சாமல் மறைந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கியை மூழ்கடித்த ஜப்பானிய விமானங்கள் ‘ஹாலிஹாக்’ என்ற கார்வெட்டையும் அன்றே அழித்தன. ரீட் அடுத்து வகுத்த ‘ரிவர்’ வகைக் கப்பல் 301 அடி நீளமும் இரட்டை எந்திரமும் 20 கடல் மைல் வேகமும் கொண்டு, பெருங்கடலுக்கென்றே பிறந்தது. ஆயினும் அவை போதிய எண்ணிக்கையில் வராததால், போரின் இறுதிவரை கார்வெட்டுகள் அட்லாண்டிக்கிலேயே இருந்தன.