தலைகீழாய்ப் பிறந்த இனிப்பு: ஒரு கணக்குத் திருத்தம்



சென்ற மாதம் கிளப் ஹவுஸில் நடந்த சிற்றுண்டி மாலையை மறந்திருக்க மாட்டீர்கள். பிரான்ஸில் படித்துவிட்டு வந்திருக்கும் பி பிளாக் பெண் ஒரு வாணலியைத் தட்டின் மேல் கவிழ்த்தாள். எடுத்துப் பார்த்தால் பழத்துண்டுகள் மாணிக்கம் பதித்தது போல மேலே, மொறுமொறுப்பான மைதா அடை கீழே. "இதைக் கண்டுபிடித்த அம்மா மாவை வைக்க மறந்துவிட்டார், தவறுதலாகப் பிறந்த இனிப்பு இது" என்று அவள் கதை சொன்னதும் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

அன்றிரவு வீட்டில் ஒரு பேச்சு வந்தது. எங்கள் வீட்டுத் தீபாவளித் தேங்காய் பர்பி லேசாகச் சிவந்து, கருகலுக்கு ஒரு நூல் முன்னால் நிற்கும் வாசனையோடு இருக்கும். "அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனதில் பிறந்தது" என்று முப்பது வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். என் மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் எதையும் மறக்கல. சர்க்கரையை வேணும்னுதான் சிவக்க விட்டேன். மூணு தீபாவளி பாழாச்சு, அப்புறம்தான் பதம் பிடிபட்டுது. நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. வங்கியில் ஒரு ரூபாய் இடித்தால் இரவு எட்டு மணி வரை பேரேட்டைப் புரட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில், மறுநாள் பிரெஞ்சு அம்மாவின் கணக்கையும் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

அந்த இனிப்பின் பெயர் தார்த் தத்தேன். பிறந்த ஊர் லாமோத்-பெவ்ரோன். ஓர்லியான் நகருக்குத் தெற்கே சுமார் 35 கி.மீ. தூரத்தில், காடும் குளங்களும் நிறைந்த சோலோன் பகுதியில் இருக்கிறது. 1847-இல் அந்த வழியாக ரயில் வந்தது. பாரிஸ்காரர்கள் வேட்டைக்கு வர ஆரம்பித்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே தத்தேன் குடும்பத்தின் தங்கும் விடுதி இருந்தது. தந்தை காலமான பின் அதை நடத்தியவர்கள் இரண்டு சகோதரிகள். மூத்தவர் ஸ்தெஃபனி, 1838-இல் பிறந்தவர். சமையல் அவர் பொறுப்பு. இளையவர் கரோலின், 1847-இல் பிறந்தவர். வாடிக்கையாளர்களும் நிர்வாகமும் அவர் பொறுப்பு.

கதை இந்த விடுதியின் சமையலறையில் நடக்கிறது. வேட்டைக்காரர்கள் கூட்டமாக வந்த ஒரு நாள், அவசரத்தில் ஸ்தெஃபனி மாவை மறந்து பழத்தை மட்டும் பாத்திரத்தில் அடுக்கிவிட்டார். பிறகு மேலே மாவைப் போட்டு மூடிச் சமாளித்தார் என்பது ஒரு வடிவம். பழம் அடிப்பிடிக்கப் போனதால் மாவைப் போட்டு மூடினார் என்பது இன்னொன்று.

இப்போது பதிவுகளைப் பாருங்கள். பழத்தைக் கீழே வைத்துச் சுட்டுக் கவிழ்க்கும் பலகாரம் பிரான்ஸில் ஏற்கெனவே உண்டு. புகழ்பெற்ற சமையல் வல்லுநர் அந்தோனேன் கரேம் இத்தகைய கவிழ்த்த கேக்குகளைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 1833-இல். அப்போது ஸ்தெஃபனி பிறக்கவே இல்லை. சோலோன் வீடுகளிலும் ஆப்பிள், பேரிக்காய் போட்ட இத்தகைய டார்ட் பழைய வழக்கம். ஆக, ஸ்தெஃபனி தன் ஊர்ப் பலகாரத்தைத்தான் செய்தார். ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் தேடி வந்து சாப்பிடும் அளவுக்கு நன்றாகச் செய்தார்.

இன்னொரு கதையும் உண்டு. பாரிஸின் மாக்ஸிம் உணவகத்தை நடத்திய லூயி வோதாப்ல், தான் இளமையில் அந்த ஊருக்கு வேட்டைக்குப் போனதாகவும், தந்திரமாகச் செய்முறையைக் கறந்து வந்ததாகவும் சொன்னாராம். இங்கேதான் கணக்கு நன்றாகவே இடிக்கிறது. அவர் பிறந்தது 1902. சகோதரிகள் விடுதியை விட்டு ஓய்வு பெற்றது 1906. கரோலின் 1911-இலும் ஸ்தெஃபனி 1917-இலும் காலமானார்கள். வோதாப்ல் குடும்பம் மாக்ஸிமை வாங்கியதோ 1932-இல். நான்கு வயதுப் பிள்ளை எந்த வேட்டைக்குப் போயிருக்கும்?

சகோதரிகள் இதற்குத் தங்கள் பெயரைச் சூட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை. உணவு எழுத்தாளர் குர்னோன்ஸ்கி 1926-இல் ஓர்லியான் பகுதி உணவுகளைப் பற்றிய நூலில் 'தத்தேன் சகோதரிகளின் டார்ட்' என்று எழுதிய பிறகுதான் பெயர் நாடெங்கும் பரவியது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை. பெயர் வந்து சேர்ந்தது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு 'தவறுதலாக' என்ற சொல்லும் வந்தது. ஒரு நாள் தவறு நடக்கலாம். தினமும் அதே ருசியில் விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதைத் தவறு என்று எப்படிச் சொல்வது?

அன்று நாம் சாப்பிட்டது ஆப்பிள் அல்ல, குவின்ஸ் பழம். காஷ்மீரிலிருந்து வரவழைத்தது. பார்க்கப் பெரிய மஞ்சள் பேரிக்காய் போல, மேலே பஞ்சு படிந்திருக்கும். தமிழில் சீமை மாதுளை என்ற பெயர் உண்டு. இதன் விதையைத்தான் நாட்டு மருந்துக் கடையில் பெஹிதானா என்று கேட்டு வாங்குகிறோம். போர்த்துகீசிய மொழியில் இந்தப் பழம் மர்மேலோ. மார்மலேட் என்ற சொல் அதிலிருந்து வந்ததே. சகோதரிகளின் ஊருக்குப் பக்கத்து ஓர்லியான் நகரிலும் இதற்கு மரியாதை அதிகம். குவின்ஸ் சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சிச் சின்ன மரப்பெட்டியில் ஊற்றி உறைய வைக்கும் கோத்தின்யாக் என்ற இனிப்பு அங்கே பல நூற்றாண்டுப் பழசு.

பச்சையாகக் கடித்தால் மரக்கட்டை, துவர்ப்பு வேறு. மெல்லிய தீயில் நேரம் கொடுத்து வேகவிட்டால், அந்தத் துவர்ப்புப் பொருளே நிறம் மாறிப் பழம் இளஞ்சிவப்பாகிறது. தற்செயலாக நடக்கிற காரியமில்லை. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்டது இது. முட்டை கிடையாது.

ஒரு கிலோ குவின்ஸைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கி, நீளவாக்கில் எட்டுத் துண்டாக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சிறு தீயில் சுமார் ஒரு மணி நேரம் வேகவிட்டு வடியுங்கள். 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், சிட்டிகை உப்பு மூன்றையும் பிசறி, ஐஸ் தண்ணீர் நாலு ஸ்பூன் விட்டு உருட்டி அரை மணி ஃபிரிட்ஜில் வையுங்கள். அவனில் வைக்கக்கூடிய ஒன்பது அங்குல இரும்பு வாணலியில் 150 கிராம் சர்க்கரையை உருக்கி, தேன் நிறம் தாண்டிச் சிவந்ததும் இறக்கி, 75 கிராம் வெண்ணெய் சேருங்கள். பழத்தை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்குங்கள், வேகும்போது சுருங்கும். மாவை வட்டமாகத் தேய்த்து மூடி, ஓரத்தை உள்ளே செருகி, முள்கரண்டியால் நாலு குத்துக் குத்தி, 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். உடனே கவிழ்த்தால் சூடான பாகு கையில் வழியும். முழுக்க ஆறினால் பாகு இறுகி வாணலியை விடாது. குவின்ஸ் கிடைக்காதவர்கள் கெட்டியான ஊட்டிப் பேரிக்காயில் செய்யலாம்; அதற்கு இருபது நிமிட வேக்காடு போதும்.

படிக்கும்போதே தெரிந்திருக்கும், இதில் 'மறந்துபோய்' செய்யக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை.

வங்கியில் தவறான பதிவை அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அதன்படி, தேங்காய் பர்பி பற்றி நான் இத்தனை நாள் உங்களிடம் சொன்னதை இங்கே அடித்துவிடுகிறேன். அது மறதியில் பிறந்தது அல்ல. என் மனைவி மூன்று தீபாவளி முயன்று கண்ட பதம். இந்தத் தீபாவளிக்குத் தட்டு வரும்போது அவளிடமே கேளுங்கள். சர்க்கரை எந்த நிறத்தில் இருக்கும்போது தேங்காயைப் போட வேண்டும் என்று விவரமாகச் சொல்வாள். நான் பக்கத்தில் சும்மா இருப்பேன்.