ரிப்போர்ட்டில் 'சுகர்'... அடுத்து என்ன? குழப்பமான முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு கைடு!

லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண். பார்த்த நொடியே, 'கண்ணு போயிடுமா, கிட்னி என்ன ஆகும், கல்யாணத்துக்குப் பிரச்னையா?' என மனசு ஓட ஆரம்பித்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் என்றால், விஷயம் தெரிந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்லிவிடுவார்கள்.

எல்லாக் கேள்விகளுக்கும் இன்றே பதில் கிடைக்காது. ஆனால், எந்தக் கேள்விக்கு எப்போது பதில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

இந்த வாரம்: சுகர் உறுதிதானா?

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 100 - 125, 5.7 - 6.4 என்றால் அதற்கு முந்தைய நிலை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு டெஸ்ட் எடுத்துதான் உறுதிசெய்ய வேண்டும். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீர் எடைக்குறைவு, அடங்காத தாகம், வாந்தி இருந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இளம் வயதில் அது டைப் 1 ஆக இருக்கலாம்.

இந்த மாதம்: பாதிப்பு இருக்கிறதா?

டைப் 2 சுகர் சில வருடங்கள் சத்தமே இல்லாமல் உடம்பில் இருந்திருக்கலாம். அதனால் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின், பாத உணர்ச்சி, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கற்பனையில் பயந்துகொண்டிருப்பதைவிட, கையில் ஒரு ரிசல்ட் இருப்பது நல்லது. பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால், பாதிப்பைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

மூன்றாம் மாதம்: மருந்து வேலை செய்கிறதா?

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள். அதனால்தான் ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. ஒருநாள் காலையில் 160 வந்துவிட்டது என்பதற்காக இடிந்துபோக வேண்டாம். அது பரீட்சை மார்க் இல்லை!

நம்ம ஊர்த் தட்டில்...

ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சுகரை வேகமாக ஏற்றும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். ராகிக்களி, கம்மங்கூழ் நல்லதுதான், ஆனால் அளவு முக்கியம். நாமக்கல் முட்டையில் மாவுச்சத்து மிகக்குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். தட்டில் பாதி காய்கறி, மீதியில் புரதமும் சோறும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுபவர்களா?

லாரி, டாக்ஸி ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டியது: "என் மாத்திரை லோ சுகர் ஆக்குமா?" மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. இன்சுலின், கிளைமிபிரைடு போன்றவற்றில் உண்டு. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் வண்டியை ஓரம்கட்டி, உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிடுங்கள். டேஷ்போர்டில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கட்டும்.

'வாழ்நாள் முழுக்க மாத்திரையா?'

இதற்கு மட்டும் யாராலும் இன்றே பதில் சொல்ல முடியாது. 2017-ல் வெளியான பிரிட்டனின் 'டைரக்ட்' ஆய்வில், சுகர் வந்து ஆறு வருடங்களுக்குள் இருந்தவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைப்புப் பயிற்சி தரப்பட்டது. ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு மருந்தில்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது. மீதிப்பேருக்கு வரவில்லை. ஆகவே நம்பிக்கை உண்டு, உத்தரவாதம் இல்லை. கஷாயத்தை நம்பி நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

செலவை நினைத்தும் நிறுத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

தூக்கம் வரவில்லை, மீட்டரைப் பார்க்கவே பயம், எதிலும் பிடிப்பில்லை என்று நாள்கள் நகர்கின்றனவா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய டெஸ்ட்டுக்கு இப்போதே போனில் ரிமைண்டர் போட்டுவிடுங்கள். அதுவரை தினமும் அரை மணி நேரம் நடங்கள்!