இருளும் இல்லாமையும்: மாணவர் திகிற்படங்களின் ஆக்கமும் மதிப்பீடும் – மலையகப் பகைப்புலத்தில் ஒரு நோக்கு

திகிற்படம் என்றதும் கற்றோர் மத்தியில் ஓர் இளக்காரம் தோன்றுவது இயல்பு. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காற்சலங்கை ஒலி, தானே திறந்துகொள்ளும் கதவு என்பனவற்றோடு அவ்வகையை அடையாளங்கண்டு ஒதுக்கிவிடுவதே நமது திறனாய்வுலகின் வழக்கமாக இருந்துவந்துள்ளது. எனினும், பெருமுதலின் துணையின்றி, மாணவப் பருவத்திலோ அதனைத் தாண்டிய உடனேயோ இளைஞர்கள் ஆக்கி, உலகப் பார்வையாளரைச் சென்றடைந்த படங்களுட் கணிசமானவை திகிற்படங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. இவ்வகைப் படத்துக்கும் பொருள் வறுமைக்கும் இடையே உள்ளார்ந்த உறவொன்று உண்டு. அவ்வுறவை விளங்கிக்கொள்ளாதவிடத்து, கம்பளையிலோ புசல்லாவையிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு மாணவர் குழு கைத்தொலைபேசியைக் கொண்டு எடுக்கும் பத்து நிமிடத் திகிற்படத்தை மதிப்பிடும் தகுதி நமக்கு வாய்க்காது.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்த ஜோர்ஜ் றொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 114,000 டொலர் செலவில் ஆக்கிய 'நைட் ஒவ் த லிவிங் டெட்' 1968இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கதை நிகழ்வது பெரும்பாலும் ஒரே பண்ணை வீட்டில். இரத்தத்துக்குப் பதில் சொக்கலேற் பாகு. பிணங்கள் எழுந்து நடக்கும் அந்த இரவைத் தாக்குப்பிடித்து உயிர்தப்பும் ஒரே மனிதன் கறுப்பினத்தவன். விடிந்ததும் துப்பாக்கி ஏந்திய காவற்கூட்டம் அவனைப் பிணமென்று கருதிச் சுட்டுக்கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் இம்முடிவை அமெரிக்கப் பார்வையாளர் எவ்வாறு வாசித்திருப்பர் என்பதை விளக்கவேண்டியதில்லை. பேய்களிடமிருந்து தப்பியவனை மனிதர் கொல்கின்றனர் என்பதிலேயே படத்தின் அரசியல் அடங்கியுள்ளது. இச்சாதனைக்குக் கிடைத்த ஊதியமோ விசித்திரமானது. வெளியீட்டின்போது படத்தின் தலைப்பை மாற்றியவர்கள் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்தனர். அதனால் படம் பொதுவுடைமையாயிற்று.

அடுத்த தலைமுறையில் சாம் ரைமி என்னும் மிச்சிகன் மாணவர், முதலில் 'வித்தின் த வூட்ஸ்' என்ற குறும்படத்தை 1978இல் சுப்பர்-8 சுருளில் எடுத்தார். அதைக் காட்டியே அயலவரிடமும் தெரிந்தவர்களிடமும் பணம் திரட்டி, 1979ஆம் ஆண்டின் இறுதியில் டெனசி மாநிலத்துக் காட்டுக் குடிசையொன்றில் 'த ஈவில் டெட்' படப்பிடிப்பைத் தொடங்கினார். படம் 1981இல் வெளிவந்தது. வண்டியும் தண்டவாளமும் வாடகைக்கு எடுக்க வசதியில்லாததால், ஒரு பலகையின் நடுவே கமெராவைப் பொருத்தி, இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு காட்டினூடே ஓடினர். கண்ணுக்குப் புலனாகாத பேயின் பார்வை என உலகம் வியந்த காட்சி இவ்வாறு பிறந்ததே. 1999இல் வெளிவந்த 'த பிளேயர் விச் புரொஜெக்ட்' இவ்வழியில் இன்னும் ஓரடி முன்சென்றது. மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகத் திரைப்படம் பயின்ற இருவர் 1997 ஒக்டோபரில் எட்டு நாட்களில் அதன் படப்பிடிப்பை முடித்தனர். கதையும் காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கச் சென்று காணாமற்போன மூன்று மாணவர்களைப் பற்றியது. நடிகர்களே கமெராவை ஏந்தினர். சூனியக்காரி ஒருதரமேனும் திரையில் தோன்றுவதில்லை.

இம்மூன்று படங்களையும் ஒருங்கே நோக்குவோருக்கு ஓர் இயல்பு தெளிவாகும். குடும்பக் கதையிலோ வரலாற்றுக் கதையிலோ காட்ட முடியாமை ஒரு குறை. திகிற்படத்திலோ காட்டாமையே உத்தி. வெளிச்சமின்மை இருளாகிறது, நடிகர் பற்றாக்குறை தனிமையாகிறது, கமெராவின் நடுக்கம் நெஞ்சின் நடுக்கமாகிறது. ஆகவே மாணவர் இவ்வகையை நாடுவது வெறும் பரபரப்பு மோகத்தால் மட்டுமன்று. தமது இல்லாமையைப் பொருளுடையதாக்கும் வாய்ப்பை அது தருவதாலுமாகும்.

தமிழ்ச் சூழலில் இதற்கு அண்மித்த உதாரணம் சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஆபாவாணன் தலைமையில் உருவாக்கி, அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' ஆகும். 1986 ஓகஸ்ட் 15இல் அது வெளிவந்தது. உல்லாசப் பயணம் செல்லும் இளம்பெண்கள் காணாமற்போகின்றனர்; ஒரு பத்திரிகை அலுவலகம் துப்புத்துலக்க முற்படுகிறது; அரசியற் செல்வாக்கு குற்றவாளிக்குக் குடை பிடிக்கிறது. பிரபல நடிகர்கள் தோன்றிய, அகன்ற திரையில் எடுக்கப்பட்ட இப்படத்தைச் சிறுசெலவுப் படமென்று கூறமுடியாது. ஆயினும் காற்றும் வெட்டவெளியும் ஒரு கிழவியின் முகமும் சேர்ந்து முற்பகுதியில் எழுப்பும் அச்சம், ஸ்டுடியோ மரபுக்குப் புறம்பான, பயிற்சிபெற்ற புதிய கண்களின் விளைவு. அச்சத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால் அதிகாரத்தின் வாசலில் நிற்க நேரும் என்ற கண்டுபிடிப்பும் அம்மாணவர்களுடையதே. பிற்பகுதியில் வழமையான சண்டைக்காட்சிகள் அதனை விழுங்கிவிடுவது வேறு விடயம்.

ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் அனுபவம் இதற்கு மாறானது. 1960களின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்', தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'தோட்டக்காரி', தொழிற்சங்கவாதியான வீ.பி. கணேசன் 1975இல் அளித்த 'புதிய காற்று' என்பன அளப்பரிய தியாகத்தின் விளைபொருள்கள். ஆனால் கையிலிருந்த சொற்ப பணத்தைக் கொண்டு கோடம்பாக்கத்தைப் போலத் தோற்றமளிக்கவே இம்முயற்சிகளுட் பெரும்பாலானவை விரும்பின. அதனால் இல்லாமை இல்லாமையாகவே திரையில் தெரிந்தது. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977) அந்நோய்க்கு விலக்கு. அதற்கு வசூல் கிட்டவில்லை.

ஆக்கமும் மதிப்பீடும் ஒன்றுசேர்ந்த மாணவர் முயற்சிக்கு முன்மாதிரி தேடி நாம் அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. கம்பளையிலிருந்து கண்டி செல்லும் வழியில் உள்ள பேராதனை வளாகத்தில் 1956இல் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மாணவரைக் கொண்டே உருவாக்கினார். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தையும், 1964இல் 'இராவணேசன்' கூத்தையும் மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விலையுயர்ந்த அரங்க அமைப்புகளை இம்முயற்சிகள் நாடவில்லை. மக்களிடம் ஏற்கனவே இருந்த ஆற்றுகை வடிவத்தை நாடின. மரபறிந்த அண்ணாவிமாரின் கண்ணும் காதும் அவற்றின் முதல் உரைகல்லாயின. இன்று கமெராவுடன் புறப்படும் கம்பளை மாணவருக்கு இவ்வரலாறு சொல்லப்படவேண்டும்.

அவ்வாறாயின் கம்பளைப் பிரதேசத்தின் அச்சம் யாது? திரைக்கதை எழுத உட்காரும் மாணவர் முதலில் எழுப்பவேண்டிய வினா இதுவே. 1341இல் நான்காம் புவனேகபாகு அரசிருக்கை அமைத்த நகர் இது. ஆயினும் நமது பொருளுக்கு நெருக்கமான வரலாறு 1824இல், ஜோர்ஜ் பேர்ட் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்ததிலிருந்து தொடங்குகிறது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்துவந்த தமிழகத் தொழிலாளர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். 1841 முதல் 1848 வரை இவ்வாறு மாண்டோர் தொகை 70,000 எனக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் கணக்கிட்டது. பெயர் எழுதப்படாத, ஈமக்கடன் பெறாத பிணங்கள் இவை. உலகெங்கும் பேய்க்கதையின் அடிப்படை இலக்கணம், முறையாக அடக்கம் செய்யப்படாதவர் திரும்பி வருவர் என்பதாகும். அவ்விலக்கணப்படி பார்த்தால் வடக்கு வீதி முழுவதும் ஒரே கதைக்களம்.

மலையகத்து நாட்டார் நம்பிக்கைகளும் இவ்வகையில் ஆராயத்தக்கன. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தில் உறையும் ரோதமுனி, கவ்வாத்துக் காலத்தில் வழிபடப்படும் கவ்வாத்துச் சாமி என்னும் தெய்வங்கள் தமிழகக் கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்டவையல்ல. பெருந்தோட்ட உற்பத்திமுறை பெற்றெடுத்தவை. கையை இழுத்துக்கொள்ளும் யந்திரத்தின் மீதான பயமே முனியாக வடிவெடுத்தது எனலாம். கோடம்பாக்கத்து மோகினியை இறக்குமதி செய்யும் மாணவர், தமது பாட்டன் வணங்கிய ரோதமுனியை மறந்துவிடுகின்றனர். மேலும் ஒன்று: மோகினி மரபில் பெண்ணே அச்சத்தின் மூலம். மலையகத்திலோ விடியுமுன் எழுந்து, பனிமூட்டத்தினூடே பிரட்டுக்களத்துக்கும் அங்கிருந்து மலைக்கும் நடப்பவள் பெண். குளவிக்கூடும் சிறுத்தையும் மண்சரிவும் அவளது அன்றாட அச்சங்கள். கொழுந்துக் கூடையுடன் செல்லும் ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் கமெரா நடக்குமாயின், மரபான திகிற்படத்தின் நோக்குநிலை தலைகீழாகிவிடும்.

இவற்றினும் ஆழமானது நாடற்ற நிலை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரைச் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. அண்ணன் கப்பலேற, தம்பி தங்கிய லயங்கள் பல. வாழ்ந்துகொண்டிருந்தும் பதிவேட்டில் இல்லாத மனிதன், பதிவேட்டிலிருந்து அகன்றும் இடத்தைவிட்டு அகலாத ஆவிக்கு நேரெதிர் உருவம். ஆள் வெளியேறிய லயக் காம்பிராவில் இரவில் அடுப்புப் புகைந்தது என்று ஒரு மாணவர் எழுதினால், அது மூடநம்பிக்கையா வரலாறா என்று எளிதிற் பிரித்துவிட முடியாது. புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கித் 'துன்பக்கேணி'யையும், பேயைப் பொருளாக்கிக் 'காஞ்சனை'யையும் எழுதினார். அவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அச்சந்திப்பை நிகழ்த்தும் பணி இன்னும் காத்திருக்கிறது.

அச்சத்தைக் கையாள்வதில் பொறுப்பும் உண்டு. 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னோடியான வழக்கு, கம்பளைப் பள்ளிவாசலைக் கடந்து செல்லும் பெரஹர பற்றியதே. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் மலையகத் தமிழரையும் தாக்கின. அயலானைப் பேயாக்கும் கதை இம்மண்ணில் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. படத்தில் அச்சுறுத்தும் உருவத்துக்கு எந்த மொழி, எந்த உடை, எந்தச் சாதியின் அடையாளம் கொடுக்கப்பட்டுள்ளது என்பது மதிப்பீட்டாளர் கவனிக்கவேண்டிய முதல் அம்சமாகும்.

மதிப்பீடு பற்றி இங்கிலாந்தின் அனுபவம் பயன்தரும். அங்கு 2008 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நடைமுறையிலிருந்த உயர்தர ஊடகக் கற்கைப் பாடத்திட்டமொன்றில், மாணவர் ஒரு புனைவுப் படத்தின் இரண்டு நிமிடத் தொடக்கத்தை ஆக்கி, பின்னர் ஏழு வினாக்களுக்கு விடையாகத் தமது ஆக்கத்தைத் தாமே மதிப்பிடவேண்டியிருந்தது. திகிற்படத்தை விரும்பித் தெரிந்தோர் பலர். மரபுகளை எவ்வாறு பயன்படுத்தினீர் அல்லது மீறினீர், சமூகக் குழுக்களை எவ்வாறு சித்திரித்தீர் என்னும் முதலிரு வினாக்களும் கூர்மையானவை. எந்த நிறுவனம் இதனை விநியோகிக்கும், பார்வையாளரை எவ்வாறு கவர்ந்தீர் என்ற வினாக்களுக்கு வந்ததும் மாணவர் கலைஞர் என்ற நிலையிலிருந்து பயிலுநர் வணிகராகிவிடுகின்றனர். தன் படத்தின் சந்தையைப் பற்றிப் பதினேழு வயதிற் சிந்திக்கும் ஒருவர், அப்படம் யாருடைய அச்சம் என்பதைச் சிந்திக்க நேரமின்றிப் போவார். நம் நாட்டிலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் உயர்தரப் பாடங்களுள் ஒன்றாக உள்ளமையால் இவ்வேறுபாடு ஏட்டளவிலானதன்று.

ஆக்கத்தின் நுட்பங்களும் இந்த நோக்கிலேயே மதிப்பிடப்படவேண்டும். கைத்தொலைபேசி நள்ளிரவில் புள்ளி புள்ளியான சாம்பற் படலத்தையே தரும். பொழுது சாயும் அரைமணி நேரமோ, ஒரே ஒரு டோர்ச் விளக்கோ அதற்குப் போதுமான இருளைத் தரும். படிமத்தைவிட ஒலியே மலிவானதும் வலிமையானதுமாகும். தகரக் கூரையில் விழும் மழை, பக்கத்துக் காம்பிராவின் இருமல், தொழிற்சாலைச் சங்கு என்பன இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓநாய் ஊளையிலும் மேலானவை. கம்பளை மலைகளில் ஓநாய் இல்லை என்பதையும் ஒருமுறை சொல்லிவைக்கலாம்.

முதற் காட்சிப்படுத்தல் எங்கு நிகழவேண்டும் என்பதும் மதிப்பீட்டின் பகுதியே. கல்லூரி மண்டபத்துக்கு முன்னர், படம் பிடிக்கப்பட்ட தோட்டத்தின் கோயில் முற்றத்தில் ஒரு வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டவேண்டும். அங்குள்ள முதியோரே இக்கலையின் அண்ணாவிமார். எந்த இடத்தில் அவர்கள் சிரித்தனர், எந்த இடத்தில் பேச்சு நின்றது, முனி அவ்வாறு வராது என்று யார் மறுத்துரைத்தார் என்பனவற்றைக் குறித்துக்கொள்ளும் ஒரு கொப்பி, செலவுக் கணக்குடனும் நீக்கிய காட்சிகளின் பட்டியலுடனும் சேர்த்துப் பரீட்சகரிடம் கையளிக்கப்படவேண்டும்.