டீஸல் லாரியும் வீட்டுவாசல் வைத்தியமும்

நெல்லும் நிலக்கரியும் இரும்பும் சிமெண்டும் ஏற்றி நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் செல்லும் லாரிகளைக் காணாதார் இல்லை. ஆயினும் அவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், தொழிற்சாலை திறந்த ஆண்டையும் திறந்து வைத்தவர் பெயரையும் குறித்துவிட்டு அமைந்துவிடுகின்றனர். சாலைக்கு வந்த வண்டியை இருபது முப்பது ஆண்டுகள் உயிரோடு காத்தவர் யார், எவ்வாறு காத்தனர் என்பது எழுதப்படுவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்க முயல்கிறேன்.

டீஸல் என்பது முதலில் எண்ணெயின் பெயரன்று. ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியர் 1858 இல் பாரிஸ் நகரில் பிறந்தார். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைப் பாய்ச்சினால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். இதுவே அவர் கண்ட வழி. 1893 இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதனை தொடங்கிற்று. 1897 இல் அவரது எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை உழைப்பாக மாற்றிக் காட்டியது. அந்நாளைய நீராவி எஞ்சின்களோ பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. ரெயில்வேக்காரராகிய எமக்கு நீராவியின்மேல் பற்று மிகுதி. எனினும் இக்கணக்கை மறுத்தற்கில்லை. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிற்று என்பது நம்மவர்க்கு இனிக்கும் செய்தியாகும். 1913 செப்டம்பர் 29 ஆம் நாள் இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற ‘டிரெஸ்டன்’ என்னும் கப்பலிலிருந்து டீஸல் மறைந்து போனார். தம் எஞ்சினால் லாரிகள் சாலையில் ஓடிய காலத்தை அவர் காணவில்லை.

காரணம், தொடக்கத்தில் எண்ணெயைத் தெளிக்கத் தனியே ஒரு காற்றழுத்த யந்திரம் வேண்டியிருந்தது. அத்துணைப் பளுவைக் கப்பல் தாங்கும், லாரி தாங்காது. 1923, 1924 ஆம் ஆண்டுகளில் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய கம்பெனிகள் டீஸல் லாரிகளைச் செய்து காட்டின. 1927 இல் பாஷ் கம்பெனி சிறிய எண்ணெய்ப் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே வழி திறந்தது. அப்பம்பினுள் ஏறி இறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் இரண்டு மூன்று பங்கே. தூசிக்கும் தண்ணீருக்கும் டீஸல் எஞ்சின் அஞ்சுவது இதனாலேதான்.

நம் நாட்டில், 1945 இல் தோன்றிய டெல்கோ முதலில் நீராவி எஞ்சின்களைச் செய்தது. 1954 இல் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியுடன் கூடி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கிற்று. நட்சத்திரச் சின்னம் தாங்கிய அவ்வண்டிகளின் உறவு 1969 இல் முடிந்தது. தெற்கே 1948 இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955 இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரிலிருந்து ‘காமெட்’ லாரிகள் புறப்பட்டன. பம்பும் நாசிலும் செய்ய 1951 இல் பெங்களூரில் மைக்கோ அமைந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழில் குடும்பத் தொழிலாகவே வளர்ந்ததை நாம் அறிவோம்.

ஒரே லாரி வைத்துப் பிழைக்கும் முதலாளிக்கு, வண்டி நின்ற நாள் உலை வைக்காத நாள். கம்பெனிப் பட்டறைக்கு இழுத்துச் செல்லும் கூலியே அவரை ஒடித்துவிடும். ஆகவே வீட்டுவாசலே பட்டறையாயிற்று. அங்கே வளர்ந்த வைத்திய முறையை நோக்குங்கால், நாடி பிடித்துப் பார்க்கும் நம் சித்த வைத்தியரே நினைவுக்கு வருகின்றார்.

முதற்கண் புகை. கரும்புகை எனின் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். நீலப்புகை எனின் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிகின்றது. வெண்புகை குளிர்காலக் காலையில் இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காவிடில் எண்ணெய் எரியாமல் வெளியேறுகின்றது என்று பொருள். உடன் ரேடியேட்டர் தண்ணீரும் குறையுமாயின் ஹெட் கேஸ்கெட்டையே ஐயுற வேண்டும்.

ஓடிய வண்டி திக்கித் திக்கி நின்றால் பெரும்பாலும் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். எண்ணெய் சொட்டும் இடத்தைத் தேடுவோர் இதில் ஏமாறுவர். டாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயில் வாஷர் கெட்டால், எண்ணெய் சொட்டாமலே காற்று உள்ளே நுழையும். வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி நின்று எண்ணெய் தெளிவாக வந்ததும் இறுக்குவர். அடுத்துப் பெரிய பம்பின் திருகு. கடைசியில் நாசில் குழாய்கள். ‘ஏர் எடுத்தல்’ எனப்படும் இம்முறையை, கலாசி எனப்படும் கிளீனர் பையன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வான்.

ஆறு சிலிண்டரில் எது நோயுற்றது என்று அறியும் வழி எனக்கு மிகவும் உவப்பானது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவர். ஓசை மாறினால் அச்சிலிண்டர் உழைக்கின்றது. மாறாவிடில் அதுவே சோம்பேறி. பின்னர் அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் பொருத்துவர். நோய் நாசிலுடன் சென்றால் குற்றம் நாசிலில். இருந்த இடத்திலேயே நின்றால் குற்றம் பம்பிலோ அழுத்தக் குறைவிலோ உள்ளது. எந்தக் கருவியும் வேண்டாத இச்சோதனை, தர்க்க நூல் வல்லார்க்கும் பெருமை தருவது. எழுத்தறியாத மிஸ்திரியும் 1, 5, 3, 6, 2, 4 என்று தீப்பற்றும் வரிசையை வாய்பாடாக ஒப்பிப்பார்.

குறையையும் சொல்ல வேண்டும். பம்பின் அளவைச் சரிசெய்வது வீட்டுவாசல் வேலையன்று. அதற்குச் சோதனை மேடை இன்றியமையாதது. ‘இழுவை கூடும்’ என்று சீலை உடைத்து எண்ணெய் அளவைக் கூட்டித் தருவோர் பலர். அதனால் பிஸ்டன் கருகுகின்றது, ஊராரின் மூச்சும் கருகுகின்றது. கடுங்குளிரில் எண்ணெய் டாங்கியின் அடியில் தீ மூட்டும் வடநாட்டு வழக்கத்தையும் நான் மெச்சமாட்டேன்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் ஆறாம் தர லாரிகளில் எண்ணெயின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கினும் மிகுதி. அங்கே ஓடும்போது குழாயைத் தளர்த்தினால் எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்புகும். கைக்கும் உயிருக்கும் ஆபத்து. நோயைக் கம்ப்யூட்டரே சொல்கின்றது. 2021 இல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையையும் மத்திய அரசு வெளியிட்டது. காற்றுத் தூய்மைக்கு இவை வேண்டியவையே. ஆனால் காதால் நோயறிந்த மிஸ்திரிகளின் பிள்ளைகள் அத்தொழிலுக்கு வருதல் அருகி வருகின்றது. அவர்தம் அறிவோ ஏட்டில் இல்லை.

நம் காலனிக் குடும்பங்களில், லாரித் தொழிற்சாலையிலோ பட்டறையிலோ உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருப்பின், அவர்கள் வழங்கிய பட்டறைச் சொற்களையும் சோதனை முறைகளையும் இளைஞர் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்பலாம். தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த சொற்களாயினும் அவர்கள் சொன்னவாறே எழுதுக.